விருப்பமும் பெரும்பான்மையும்: பிமலா பிரசாத் சலிஹாவும் அசாம் ஆட்சிமொழிச் சட்டமும்

1. முன்னுரை

இந்திய மாநிலங்களின் ஆட்சிமொழிச் சட்டங்கள் பெரும்பாலும் அவற்றின் விளைவுகளை வைத்தே மதிப்பிடப்படுகின்றன. கிளர்ச்சிகள், துப்பாக்கிச் சூடுகள், எல்லை மாற்றங்கள் ஆகியன வரலாற்று ஆய்வாளர்களால் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. சட்டங்களின் சொல்லமைப்போ வழக்குமன்றத்துக்கு உரியதெனக் கருதப்பட்டு ஒதுக்கப்படுகிறது. எனினும் ஒரு மொழிக்கு ஆட்சித்தகுதி வழங்கும் சட்டம் என்பது முதலில் ஒரு பனுவல் ஆகும். அதன் முதன்மைத் தொடர், அதனைக் கட்டுப்படுத்தும் துணைத்தொடர்கள், விலக்குகள், நிபந்தனைகள் ஆகியவற்றின் ஊடாகவே அதனை இயற்றியவர்களின் தயக்கமும் துணிவும் வெளிப்படுகின்றன.

1957 முதல் 1970 வரை அசாமின் முதலமைச்சராக விளங்கிய பிமலா பிரசாத் சலிஹாவின் சட்டமன்ற வாழ்வு இதற்குத் தக்கதொரு சான்றாகும். 1960 மார்ச்சில் அசாமிய மொழியை ஆட்சிமொழியாக அறிவிப்பதற்குக் காத்திருக்க வேண்டும் என்று அவையில் கூறியவரும், அதே ஆண்டு அக்டோபரில் அதற்கான மசோதாவை அதே அவையில் முன்மொழிந்தவரும் அவரே. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட ஏழு மாதங்களில் நிகழ்ந்தவை எவை, முதல் நிலையின் எச்சங்கள் இரண்டாம் நிலையின் பனுவலில் எவ்வாறு தங்கின, அவற்றின் பிற்கால வாழ்வு யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பின்புலம்: இரண்டு நினைவுகள்

அசாமிய மொழியின் ஆட்சியுரிமை குறித்த வேட்கை 1960இல் திடீரெனத் தோன்றியதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் 1830களின் பிற்பகுதியில் அசாமின் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்காள மொழி புகுத்தப்பட்டது. அசாமியம் வங்காளத்தின் கிளைமொழியே என்ற கருத்து அன்றைய ஆட்சியாளர் சிலரிடம் நிலவியது. இதனை மறுத்து அசாமியத்தின் தனித்தன்மையை நிறுவும் பணியில் ஆனந்தராம் டேகியால் புக்கனும், நேத்தன் பிரவுன், மைல்ஸ் பிரான்சன் முதலிய அமெரிக்கப் பாப்டிஸ்ட் சமயப் பணியாளர்களும் ஈடுபட்டனர். 1846இல் சிவசாகரிலிருந்து வெளிவரத் தொடங்கிய அருணோதய் இதழும் 1867இல் வெளியான பிரான்சனின் அகராதியும் இம்முயற்சியின் விளைவுகளாகும். 1873இல் அசாமியம் மீண்டும் தன் இடத்தைப் பெற்றது. ஏறத்தாழ நாற்பதாண்டு நீடித்த அந்த இழப்பு அசாமியக் கற்றோரின் நினைவில் ஆழப் பதிந்தது. சலிஹா பிறந்த ஊரும் சிவசாகரே என்பது இங்குக் கருதத்தக்கது.

மற்றொரு நினைவும் இதனோடு மோதியது. 1874இல் அசாம் தனி மாகாணமாகப் பிரிக்கப்பட்டபோது வங்காள மொழி வழங்கிய சில்ஹட் மாவட்டம் அதனுடன் இணைக்கப்பட்டது. பராக் ஆற்றுச் சமவெளியிலுள்ள காச்சார் மாவட்டமும் பெரிதும் வங்காள மொழிப் பகுதியே. 1947இல் நடந்த வாக்கெடுப்பின்படி சில்ஹட்டின் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குச் சென்றது; கரீம்கஞ்ச் பகுதி மட்டும் இந்தியாவில் தங்கிக் காச்சார் மாவட்டத்துடன் சேர்ந்தது. பிரிவினையால் ஊரையும் உறவையும் இழந்து வந்தவர்களுக்குத் தாய்மொழி ஒன்றே எஞ்சிய உடைமையாக இருந்தது. ஒருகாலத்தில் தம் மொழி ஒடுக்கப்பட்டதை அசாமியர் நினைத்தனர். தம் மொழி இனி ஒடுக்கப்படுமோ என்று வங்காளியர் அஞ்சினர். இரு அச்சங்களும் வரலாற்றில் வேரூன்றியவையே.

இவற்றுடன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரு சிக்கலைத் தோற்றுவித்தது. அசாமிய மொழியினர் என்று பதிவு செய்யப்பட்டோர் 1931இல் ஏறத்தாழ 20 லட்சம். 1951இல் ஏறத்தாழ 50 லட்சம். மாநில மக்கள்தொகையில் இது 56.7 விழுக்காடாகும். இருபதாண்டுகளில் இத்தகைய பெருக்கம் இயற்கையானதன்று. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில் குடியேறிய முஸ்லிம் உழவர்களுள் பெரும்பாலோர் தம் தாய்மொழி அசாமியம் என்று பதிந்தமை இதன் முதன்மைக் காரணமாகும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பலரும் அவ்வாறே பதிந்தனர். தாய்மொழி என்பது பேச்சு வழக்கைக் குறிக்கும் சொல்லா, சேர்ந்து வாழும் விருப்பத்தைக் குறிக்கும் சொல்லா என்ற வினா இங்கு எழுகிறது. 1951இன் எண்ணிக்கையில் இவ்விரண்டும் கலந்திருந்தன.

3. சலிஹாவின் அரசியல் வாழ்வு

பிமலா பிரசாத் சலிஹா 1912ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் பிறந்தார். காந்தியடிகளின் வழிநின்று விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அசாம் மாநிலக் காங்கிரசின் தலைவராகவும் முதல் மக்களவையின் உறுப்பினராகவும் பணியாற்றினார். 1957 டிசம்பர் இறுதியில் விஷ்ணுராம் மேதிக்குப் பின் முதலமைச்சரானார். மேதி 1958இல் சென்னை மாநிலத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்றமை தமிழ் வாசகர்கள் அறிந்ததே.

முதலமைச்சராகப் பொறுப்பேற்ற சலிஹா சட்டமன்றத்தில் சார்ந்து நின்ற தொகுதி பதர்பூர். அது காச்சார் மாவட்டத்தின் கரீம்கஞ்ச் பகுதியில், வங்காள மொழி வழங்கும் வட்டாரத்தில் அமைந்தது. அசாமிய மொழிச் சட்டத்தை முன்மொழிந்த முதலமைச்சர், அச்சட்டத்தை மிகுதியும் எதிர்த்த மாவட்டத்தின் உறுப்பினராகவே அவையில் அமர்ந்திருந்தார். 1962இல் அவர் மேல் அசாமிலுள்ள சோனாரித் தொகுதிக்கு மாறினார். இந்த இடமாற்றம் ஒன்றே அவ்விடைக்காலத்தில் நிகழ்ந்த பிளவின் அளவை உணர்த்தப் போதுமானது.

அவருடைய அரசின் தொடக்ககாலச் சட்டங்களுள் 1959ஆம் ஆண்டின் அசாம் பஞ்சாயத்துச் சட்டம் முக்கியமானது. ஊர்ப் பஞ்சாயத்து, வட்டாரப் பஞ்சாயத்து, உட்கோட்ட அளவிலான மகுமா பரிஷத்து என்ற மூன்று அடுக்கு அமைப்பை அது உருவாக்கியது. ஊர் மக்களின் கருத்தறிந்து ஆட்சி நடத்துதல் என்ற காந்தியக் கொள்கையின் சட்ட வடிவமாக இதனைக் கொள்ளலாம். ஓராண்டுக்குள் இதே மகுமா பரிஷத்து மொழிச் சட்டத்திலும் இடம்பெற்றதைப் பின்னர்க் காணலாம்.

4. ஏழு மாதங்கள்

1960 மார்ச்சில் அசாமியத்தை ஆட்சிமொழியாக்குவது பற்றிச் சட்டமன்றத்தில் வினா எழுந்தபோது சலிஹா அளித்த மறுமொழி நுணுகி நோக்கத்தக்கது. பெரும்பான்மை, சிறுபான்மை என்ற கணக்கை மட்டும் கொண்டு இச்சிக்கலை அணுகினால் நோக்கமே சிதைந்துவிடும் என்பதும், அசாமியம் பேசாத மக்களிடமிருந்தே அக்கோரிக்கை எழும்வரை அரசு காத்திருக்க விரும்புகிறது என்பதும் அம்மறுமொழியின் சாரமாகும்.

இக்கூற்றின் தருக்கம் வழக்கமான மொழி அரசியலின் தருக்கத்துக்கு நேர் எதிரானது. ஒரு மொழிக்கு ஆட்சித்தகுதி தருவது அதனைப் பேசுவோரின் எண்ணிக்கையன்று, அதனைப் பேசாதோரின் இசைவே என்று அது கொள்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 347ஆம் உறுப்பும் ஒரு மொழிக்கு ஏற்பு வழங்குவதற்கு மக்கள்தொகையில் கணிசமான பகுதியினரின் விருப்பத்தையே அடிப்படையாகக் கொள்கிறது. எனினும் அவ்வுறுப்பு பேசுவது தம் மொழிக்கு ஏற்பு வேண்டுவோரின் விருப்பம் பற்றி. சலிஹா பேசியது அம்மொழியைப் பேசாதோரின் விருப்பம் பற்றி. அவ்வகையில் அவர் அரசமைப்பைவிட ஒரு படி மேலே சென்றார் எனலாம்.

அன்றைய அகில இந்திய அளவுகோலும் அவருடைய தயக்கத்துக்குத் துணைநின்றது. 1955இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், ஒரு மொழியினர் ஏறத்தாழ 70 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஒரு மாநிலத்தை ஒருமொழி மாநிலமாகக் கருதவேண்டும் என்றது. ஒரு மாவட்டத்தில் 70 விழுக்காட்டினர் வேறொரு மொழியினராக இருப்பின் அம்மாவட்டத்தில் அம்மொழியே ஆட்சிமொழியாதல் வேண்டும் என்ற கருத்தும் அதில் இடம்பெற்றது. 56.7 விழுக்காடு முதல் வரம்பை எட்டவில்லை.

ஆனால் காத்திருத்தலுக்கு அரசியல் இடம் தரவில்லை. அசாம் சாகித்திய சபை ஆட்சிமொழிக் கோரிக்கையை வலியுறுத்தி வந்தது. ஏப்ரலில் மாநிலக் காங்கிரசுக் குழுவே அசாமியத்தை ஆட்சிமொழியாக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. முதலமைச்சரின் கட்சி முதலமைச்சரின் கூற்றைக் கடந்து சென்றது. ஜூலைத் தொடக்கத்தில் சில்சரில் கூடிய வங்காள மொழி மாநாடு இருந்த நிலையே தொடர வேண்டும் என்றது. அதே மாதத்தில் ஷில்லாங்கில் மலைப்பகுதிக் கட்சிகள் கூடி அனைத்துக் கட்சி மலைத் தலைவர்கள் மாநாடு என்ற அமைப்பைத் தோற்றுவித்தன. குவாகத்தியில் காவல்துறை சுட்டதில் அசாமிய மாணவர் ஒருவர் உயிரிழந்தார். பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கின் பல ஊர்களில் வங்காளியரின் வீடுகள் தாக்கப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர்.

1960 அக்டோபர் 10ஆம் நாள் சலிஹா ஆட்சிமொழி மசோதாவை அவையில் முன்வைத்தார். காச்சார் உறுப்பினர்களும் மலைப்பகுதி உறுப்பினர்களும் காட்டிய எதிர்ப்புக்கிடையே அக்டோபர் 24ஆம் நாள் அது நிறைவேறியது. அவை கூடிய இடம் ஷில்லாங். அது அன்று அசாமின் தலைநகர். ஆனால் காசி மொழி வழங்கும் மலைநாட்டின் நடுவில் அமைந்த நகர்.

5. சட்டத்தின் சொல்லமைப்பு

அசாமியத்துக்கு ஆட்சித்தகுதி வழங்கிய இச்சட்டத்தின் அதிகாரப்பூர்வப் பனுவல் ஆங்கிலத்திலேயே அமைந்தது. அரசமைப்பின் 348ஆம் உறுப்பு அவ்வாறே வேண்டியது. எனவே இந்திய மொழிகளில் இதனைப் பெயர்ப்போர் அனைவரும், அசாமியத்தில் பெயர்ப்போர் உட்பட, மூலத்தின் நுண்வேறுபாடுகளைத் தம் மொழியில் மீட்டுருவாக்க வேண்டியவர்களாகின்றனர்.

முதலில் பெயரை நோக்குவோம். மேடைகளிலும் தீர்மானங்களிலும் பேசப்பட்டது ‘ராஜ்யபாஷா’, அதாவது மாநிலத்தின் மொழி. சட்டம் குறிப்பிட்டதோ அலுவல் நோக்கங்களுக்குப் பயன்படும் மொழி. முன்னது நிலத்துக்கும் மக்களுக்கும் ஓர் அடையாளத்தைச் சூட்டுகிறது. பின்னது கோப்பு எந்த மொழியில் எழுதப்படும் என்பதை மட்டும் வரையறுக்கிறது. தமிழில் ‘ஆட்சிமொழி’ என்னும் சொல் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்குவதால் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. ‘அலுவல் மொழி’ என்பது மூலத்துக்கு நெருங்கியது. ஆனால் கிளர்ச்சியாளரின் உணர்வை அது சுட்டாது. இரு தரப்பும் இரு வேறு சொற்களைக் கேட்டன என்பதே உண்மை.

அடுத்து 3ஆம் பிரிவு. அரசமைப்பின் 346, 347ஆம் உறுப்புகளுக்கு ஊறின்றியும், சட்டத்தில் பின்னர் வகுக்கப்பட்டவற்றுக்கு உட்பட்டும், மாநிலத்தின் அனைத்து அல்லது எவையேனும் அலுவல் நோக்கங்களுக்கு அசாமியம் பயன்படுத்தப்படும் என்பது அதன் கருத்து. ‘அனைத்து அல்லது எவையேனும்’ என்பது அரசமைப்பின் 345ஆம் உறுப்பிலிருந்து வந்த தொடர். அங்கு அது மாநிலச் சட்டமன்றத்துக்குத் தெரிவுரிமை வழங்கும் தொடராக உள்ளது. இங்கோ அத்தெரிவு செய்யப்படாமலே அப்படியே எடுத்தாளப்பட்டுள்ளது. அனைத்துக்குமா, சிலவற்றுக்கு மட்டுமா என்பதைச் சட்டம் திறந்தே விட்டது. மேலும் தலைமைச் செயலகத்திலும் துறைத் தலைவர்களின் அலுவலகங்களிலும் ஆங்கிலமும், அதன் பின்னர் அதன் இடத்தில் இந்தியும் பயன்படும் என்ற வரம்புரையும் சேர்க்கப்பட்டது.

4ஆம் பிரிவு மலை மாவட்டங்களுக்கு உரியது. ‘3ஆம் பிரிவில் எது அடங்கியிருந்தபோதிலும்’ என்று அது தொடங்குகிறது. தன்னாட்சி மாவட்டங்களில் சட்டம் நடைமுறைக்கு வரும் முன் வழக்கிலிருந்த மொழிகள் மட்டுமே தொடரும். மாவட்ட மன்றத்தில் வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினருக்குக் குறையாதோர் வேறு மொழியை ஏற்றாலன்றி இந்நிலை மாறாது. சலிஹா மார்ச்சில் கூறிய இசைவுக் கொள்கை இங்கு எண்ணிக்கை வடிவம் பெற்றிருப்பதைக் காணலாம். காத்திருத்தல் என்ற அரசியல் நிலைப்பாடு, ‘வரையில்’ என்னும் கால இடைச்சொல்லாகச் சட்டத்துக்குள் புகுந்தது.

காச்சார் மாவட்டத்துக்கான 5ஆம் பிரிவும் தொடக்கத்தில் இதே போக்கில் அமைந்தது. மாவட்ட நிலை வரையில் வங்காளம் பயன்படும். ஆனால் மாவட்டத்தின் மகுமா பரிஷத்துகளும் நகராட்சி மன்றங்களும் ஒன்றுகூடி மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையால் மாநில ஆட்சிமொழியை ஏற்கும் வரையில்தான். 1959இன் பஞ்சாயத்து அமைப்பு இவ்வாறு மொழித் தெரிவின் கருவியாயிற்று. சட்டத்தை வரைந்தவர்களுக்கு இது உள்ளூர் மக்களின் விருப்பத்துக்கு வழங்கிய மதிப்பு. காச்சார் மக்களுக்கோ இது தம் வீட்டின் பின்புறத்தில் திறந்து வைக்கப்பட்ட கதவு. ‘வரையில்’ என்ற சொல்லை ஒருவர் பாதுகாப்பாகவும் மற்றவர் தவணையாகவும் படித்தனர்.

6. சில்சரும் திருத்தமும்

1961 பிப்ரவரியில் காச்சார் கண சங்கிராம பரிஷத்து தோற்றுவிக்கப்பட்டது. மே 19ஆம் நாள் மாவட்டமெங்கும் முழு அடைப்பும் மறியலும் நடைபெற்றன. சில்சர் ரயில் நிலையத்தில் அன்று பிற்பகல் காவலர் சுட்டதில் பதினொருவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் கமலா பட்டாச்சார்யா என்னும் இளம்பெண். மே 19 பராக் பள்ளத்தாக்கில் மொழித் தியாகிகள் நாளாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. அச்சூட்டின்போது ஆட்சிப் பொறுப்பிலிருந்தது சலிஹாவின் அரசே. இசைவு வரும்வரை காத்திருப்போம் என்று அவையில் கூறப்பட்டு அன்றைக்குப் பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன.

மத்திய உள்துறை அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அசாமுக்கு வந்து ஒரு சமரசத் திட்டத்தை முன்வைத்தார். மாநிலத் தலைநகருக்கும் காச்சார், மலை மாவட்டங்களுக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் தொடர்தல், மொழிச் சிறுபான்மையினருக்கான காப்புகளை நடைமுறைப்படுத்துதல் ஆகியன அதில் அடங்கும். அதே ஆண்டில் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. 5ஆம் பிரிவிலிருந்து மகுமா பரிஷத்து பற்றிய பகுதி நீக்கப்பட்டது. மாவட்ட நிலை வரையிலும் அந்நிலை உட்படவும் காச்சாரில் வங்காளம் பயன்படும் என்று நிபந்தனையின்றி வகுக்கப்பட்டது. ‘வரையில்’ என்ற காலச் சொல் அகன்றது. இட எல்லையைக் குறிக்கும் ‘மாவட்ட நிலை வரையில்’ என்பது மட்டும் எஞ்சியது.

எனினும் திருத்தப்பட்ட 5ஆம் பிரிவின் தொடக்கம் மொழிபெயர்ப்பாளர் கவனத்துக்குரியது. மலை மாவட்டப் பிரிவு ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்க, காச்சார் பிரிவு ‘விதவுட் பிரிஜுடிஸ்’ என்று தொடங்குகிறது. முன்னது 3ஆம் பிரிவை விஞ்சி நிற்பது: அங்குக் கூறியது எதுவாயினும் இங்குக் கூறியதே செல்லும். பின்னது 3ஆம் பிரிவுக்கு ஊறின்றி அதனோடு கூட நிற்பது. மலையில் அசாமியத்துக்கு இடமில்லை. ‘மட்டுமே’ என்ற சொல் அதனை உறுதிப்படுத்துகிறது. காச்சாரில் வங்காளத்துக்கு இடமுண்டு. ஆனால் அசாமியம் விலக்கப்பட்டதாகச் சொல்லவில்லை. இவற்றுடன் 3ஆம் பிரிவே ‘பின்னர் வகுக்கப்பட்டவற்றுக்கு உட்பட்டு’ அமைகிறது. ஆக 3ஆம் பிரிவு 5ஆம் பிரிவுக்கு உட்படுகிறது. 5ஆம் பிரிவு 3ஆம் பிரிவுக்கு ஊறு செய்யாது நிற்கிறது. ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கும் இரு தொடர்கள் இவை. தமிழில் இரண்டையும் ‘இருப்பினும்’ என்ற ஒரே சொல்லால் பெயர்ப்போமாயின் மலைக்கும் சமவெளிக்கும் சட்டம் வகுத்த வேறுபாடே மறைந்துபோகும்.

இப்பனுவலின் மற்றொரு சிக்கல் பெயர்ச்சொல் பற்றியது. ‘காச்சார் மாவட்டம்’ என்று 1961இல் சுட்டப்பட்ட நிலப்பகுதியிலிருந்து 1983இல் கரீம்கஞ்சும் 1989இல் ஹைலாகாந்தியும் தனி மாவட்டங்களாயின. கரீம்கஞ்ச் மாவட்டம் 2024இல் ஸ்ரீபூமி எனப் பெயர் மாற்றப்பட்டது. இன்று காச்சார் என்னும் சொல்லின் ஆட்சிவழிப் பொருள் சுருங்கிவிட்டது. மொழியுரிமைப் பொருளோ பழைய விரிவுடனேயே வழங்குகிறது. நிலைத்த சொல், நகரும் பொருள் என்ற பொருண்மையியல் சிக்கலுக்குச் சட்டமொழியில் இது ஒரு தெளிவான எடுத்துக்காட்டு.

5ஆம் பிரிவு பேசாதவற்றையும் சுட்டவேண்டும். பராக் பள்ளத்தாக்கில் மணிப்புரி, பிஷ்ணுப்பிரியா, திமாசா முதலிய மொழியினரும் தேயிலைத் தோட்டங்களில் இந்தி வகைப் பேச்சுகளை வழங்குவோரும் உள்ளனர். சிறுபான்மையைக் காக்க எழுந்த பிரிவு, அச்சிறுபான்மைக்குள் அடங்கிய சிறுபான்மையரைக் குறிப்பிடவில்லை. அவர்களுக்கு 7ஆம் பிரிவின் பொதுவான காப்புகளே, அதாவது கல்வி, நல்கை, அரசுப்பணி ஆகியவற்றில் மொழி அடிப்படையில் வேறுபாடு காட்டலாகாது என்பனவே, எஞ்சின.

7. மலைகளும் எல்லைகளும்

4ஆம் பிரிவின் காப்பு வலுவானதாக இருந்தும் மலைத்தலைவர்கள் அமைதியடையவில்லை. மாவட்ட மன்றம் வரையில் தம் மொழி வழங்கினும், அரசுப்பணிக்கும் தலைமைச் செயலகத்துக்கும் செல்லும் வழியில் அசாமியம் நிற்கும் என அவர்கள் கருதினர். சலிஹாவின் அமைச்சரவையில் இடம்பெற்றிருந்த காரோ மலைத்தலைவர் வில்லியம்சன் சங்மா அதிலிருந்து விலகி மலைத் தலைவர்கள் மாநாட்டை வழிநடத்தினார். 1960 நவம்பரில் ஹாப்லாங்கில் கூடிய அம்மாநாடு தனி மாநிலத்தை வலியுறுத்தியது. தனி மாநில வேட்கைக்கு வேறு காரணங்களும் உண்டு. மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் முன்னரே அது வைக்கப்பட்டு ஏற்கப்படாது போயிற்று. எனினும் சிதறிக் கிடந்த மலைக்கட்சிகளை ஒன்றிணைத்தது ஆட்சிமொழிச் சட்டமே எனலாம்.

இதன் பிந்திய சலிஹாவின் செயற்பாடுகளில் 1960 மார்ச்சின் குரல் மீண்டும் ஒலிப்பதைக் காணலாம். 1963இல் தொடக்கப் பள்ளிகளில் போடோ மொழி பயிற்றுமொழியாயிற்று. 1964இல் ஜெயப்பிரகாஷ் நாராயண், மைக்கேல் ஸ்காட் ஆகியோருடன் நாகா அமைதிக் குழுவில் சலிஹா உறுப்பினரானார். அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் நாள் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அக்குழு டிசம்பரில் அளித்த முன்மொழிவு, நாகர்கள் தம் சொந்த விருப்பத்தாலேயே இந்திய ஒன்றியத்தில் பங்குபெற முடிவு செய்யலாம் என்று கருதியது. பிறர் வகுத்ததை ஏற்றல் அன்று, தாமே விரும்பி இணைதல் என்ற இக்கருத்தும் அசாமியம் பற்றிய அவரது முதல் கூற்றும் ஒரே இலக்கணத்தைச் சார்ந்தவை. பேச்சு நிலையான தீர்வில் முடியவில்லை. 1966இல் மிசோ மலைகளிலும் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது.

1969இன் அசாம் மறுசீரமைப்பு (மேகாலயா) சட்டத்தின்படி 1970 ஏப்ரல் 2ஆம் நாள் மேகாலயா அசாமுக்குள் தன்னாட்சி மாநிலமாயிற்று. அப்போதும் முதலமைச்சர் சலிஹாவே. அவ்வாண்டு நவம்பரில் அவர் பதவி விலகினார். 1971 பிப்ரவரி 25ஆம் நாள் மறைந்தார். 1972 ஜனவரி 21ஆம் நாள் மேகாலயா முழு மாநிலமாயிற்று. மொழிச் சட்டம் நிறைவேறிய ஷில்லாங் அசாமின் நிலப்பரப்பிலிருந்தே நீங்கியது. அசாமின் தலைநகர் திஸ்பூருக்கு மாறியது. மேகாலயா ஆங்கிலத்தை அலுவல் மொழியாகக் கொண்டு, 2005இல் காசி, காரோ மொழிகளைத் துணை அலுவல் மொழிகளாக ஏற்றது.

8. முடிவுரை

சென்னை மாநிலத்துடன் ஒப்பிடும்போது அசாமின் சிக்கல் மேலும் தெளிவாகிறது. 1953இல் ஆந்திரமும் 1956 நவம்பரில் மலபாரும் தென் கன்னடமும் பிரிந்த பின்னரே, 1956 டிசம்பரில் சென்னைச் சட்டமன்றம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. அங்கு எல்லை முதலில் வரையப்பட்டது, மொழிச் சட்டம் பின்னர் வந்தது. அசாமிலோ மொழிச் சட்டம் முதலில் வந்தது, எல்லைகள் பின்னர் வரையப்பட்டன. பன்மொழி மாநிலம் ஒன்றில் ஒருமொழிச் சட்டம் இயற்றப்பட்டபோது, அச்சட்டத்துக்குப் பொருந்துமாறு நிலம் சுருங்கியது எனலாம்.

சலிஹா முரண்பட்ட மனிதரா, சூழலுக்குப் பணிந்தவரா என்ற வினாவுக்கு விடை எளிதன்று. நாற்பதாண்டு ஒடுக்கப்பட்ட ஒரு மொழியினரின் நியாயமான வேட்கையை ஒரு முதலமைச்சர் என்றென்றும் காத்திருக்கச் சொல்ல இயலாது. ஆனால் காத்திருத்தலைக் கைவிட்டபோது அதற்கு ஈடாக அவர் வைத்த விலக்குப் பிரிவுகளைக் காச்சார் ஐயத்துடன் படித்தது. இசைவைச் சட்டம் வழங்க இயலாது. இசைவுக்கான வழிமுறையை மட்டுமே அது வழங்க இயலும். அவ்வழிமுறையை நம்புவதற்குரிய சூழல் 1960 ஜூலையிலேயே குலைந்துவிட்டது.

எனினும் பிற்கால வரலாறு கவனிக்கத்தக்கதொரு செய்தியைத் தருகிறது. அசாமின் மொழி ஏற்பாடு 3ஆம் பிரிவின் பொது விதியால் வளர்ந்ததைவிட, அதனைச் சூழ்ந்த விலக்குகள், சேர்க்கைகள் ஆகியவற்றின் வழியாகவே மிகுதியும் வளர்ந்துள்ளது. 5ஆம் பிரிவு பராக் பள்ளத்தாக்கில் இன்றும் மொழியுரிமையின் ஊன்றுகோலாக உள்ளது. 2020இல் போடோ துணை அலுவல் மொழியாகச் சட்டத்தில் இடம்பெற்றது. 2024இல் பராக் பள்ளத்தாக்கின் மூன்று மாவட்டங்களிலும் ஹோஜாய் மாவட்டத்திலும் மணிப்புரிக்கு அத்தகுதி கிட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் அசாமியமும் வங்காளமும் ஒரே நாளில் மத்திய அரசால் செம்மொழிகளாக ஏற்கப்பட்டன. ஒன்று மற்றதன் கிளை என்ற பழைய வாதத்துக்கு இனி எப்பயனும் இல்லை.

ஆட்சிமொழிச் சட்டம் ஒன்றைப் பெயர்ப்பவர் அதன் முதன்மைத் தொடரைப் பிழையின்றிப் பெயர்த்துவிட்டதாக நிறைவடைதல் கூடாது. ‘எது அடங்கியிருந்தபோதிலும்’, ‘ஊறின்றி’, ‘உட்பட்டு’, ‘வரையில்’, ‘மட்டுமே’ என்னும் சிறு சொற்களில்தான் மக்கள் தம் இடத்தைத் தேடிப் பார்க்கின்றனர். 1960இல் அசாமில் அவ்வாறு தேடியவர்கள் கண்டது ‘வரையில்’ என்ற சொல்லை. அச்சொல்லை நீக்குவதற்குப் பதினொரு உயிர்கள் விலையாயின.